ஊர்க் கலைவிழாவும் மறுநாள் காலை மைதானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸ் தீவில், ரோஸ் ஹில்லில் எங்கள் வட்டாரத்து மைதானத்தில் ஆறு வருடமாக ஒரு சின்னக் கலைவிழா நடக்கிறது. இரண்டு மாலை, ஒரு மேடை, பரதம், கோலாட்டம், தப்பு, இந்தத் தீவின் கிரியோல் பாட்டும் ஆட்டமுமான செகா, பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு, பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடை. முதல் வருடம் விழா முடிந்த மறுநாள் காலை, விட்டுப்போன சுருதிப்பெட்டியை எடுக்க மைதானத்துக்குப் போனேன். புல்லே தெரியவில்லை. கப், தட்டு, பாட்டில், கிழிந்த பேனர். நடுவில் துப்புரவு வேலை பார்க்கும் பெண் ஒருவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். என் தமிழ் வகுப்பில் படிக்கும் பையனின் அம்மா. முந்தின இரவு அவர் மகன் அந்த மேடையில்தான் பாடினான். விடிகாலையில் வேலை என்பதால் கேட்க வர முடியவில்லை என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குழு விழா நடத்தும் விதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வருகிறது. மற்ற ஊர்க் குழுக்களும் கோயில் இளைஞர்களும் பெற்றோரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெரும்பாலும் இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் கேட்டவை. கேட்ட மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

சுற்றுச்சூழலுக்கு ஏற்ற விழா என்றால் என்ன டீச்சர்? பிளாஸ்டிக் இல்லாமல் நடத்துவதுதானே?

பிளாஸ்டிக் அதில் ஒரு பகுதி. நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அடுத்த வருடம் இதே மைதானத்தைக் கேட்டால் தருவார்களா? பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? இதே கலைஞர்கள் மனம் உவந்து வருவார்களா? இதே தொண்டர்கள் "போதும் சாமி" என்று ஒதுங்காமல் இருப்பார்களா? மண்ணும் தண்ணீரும் ஒரு பக்கம், ஆட்கள் இன்னொரு பக்கம். மைதானம் பளிச்சென்று இருந்தாலும், அதைப் பெருக்கியவருக்கு ஒரு வாய்ச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றால் அந்த விழா நீடிக்காது.

தட்டு, கப் எல்லாம் சட்டப்படியே தடைதானே? இன்னும் எதற்குக் கவலைப்படணும்?

தடை உண்டு. 2016 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி, ஸ்ட்ரா, பார்சல் டப்பா போன்றவற்றுக்கும் தடை வந்தது. நல்ல சட்டம். ஆனால் பல விழாக்களில் நடந்தது என்ன? பிளாஸ்டிக் கப் போய்ப் பேப்பர் கப் வந்தது. எறியும் பழக்கம் அப்படியே இருக்கிறது, மூட்டையின் எண்ணிக்கையும் குறையவில்லை.

அந்த மூட்டை எங்கே போகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால் "லாரியில்" என்பார்கள். லாரி போகும் இடம் மார் ஷிக்கோஸ். 1997இல் திறந்தது. இந்தத் தீவுக்கே அது ஒன்றுதான் குப்பை நிரப்பு நிலம். அது நிரம்பிக்கொண்டே வருவதையும், தீப்பிடித்துப் புகைந்ததையும் நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அங்கே போகும் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. இலையும் காய்கறித் தோலும் காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் வாயுதான் உண்டாகும். ஆகவே எங்கள் கேள்வி "எந்தப் பொருளால் ஆன கப்?" என்பதிலிருந்து "மார் ஷிக்கோஸுக்கு எத்தனை மூட்டை அனுப்புகிறோம்?" என்று மாறியது.

"மக்கும்" என்று அச்சடித்த கப் வாங்கினால் சரிதானே? கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்.

சோள மாவிலிருந்து செய்யும் அந்தக் கண்ணாடி மாதிரிக் கப் மக்குவதற்கு ஏறத்தாழ 60 டிகிரிச் சூடு பல வாரம் தொடர்ந்து வேண்டும். அது பெரிய உரத் தொழிற்சாலையில் கிடைக்கும், நம் கொல்லைக் குப்பைக் குழியில் கிடைக்காது. கடலில் விழுந்தால் சாதாரண பிளாஸ்டிக் மாதிரியே மக்காமல் கிடக்கும். பேப்பர் கப்பிலும் உள்பக்கம் ஈரம் தாங்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அந்த வார்த்தை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

அப்போ எதில்தான் சாப்பாடு கொடுப்பது?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். நாம் செட் காரி என்று சொல்லும் ஏழு கறிச் சாப்பாட்டை இந்தத் தீவு முழுக்க எதில் பரிமாறுகிறோம்? தமிழர் அல்லாத நண்பர்கள் கூட அதை வாழையிலையில் சாப்பிடத்தானே ஆசைப்பட்டு வருகிறார்கள்? கோயிலில் ஆயிரம் பேருக்கு இலை போடத் தெரிந்த நாம், மைதானத்துக்கு வந்ததும் ஏன் டப்பா தேடுகிறோம்?

நின்றுகொண்டே சாப்பிடுவதற்கு முழு இலை சரிப்படாது. நாங்கள் இப்படிச் செய்கிறோம்: சோறு, கறி வேண்டுபவர்களுக்கு ஓரமாகப் பாய் விரித்துப் பந்தி. எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பரிமாறுவது கோயில் அடுப்படியில் பழகிய அம்மாக்கள். பருப்பு வைத்த டால்பூரிக்குத் தட்டே தேவையில்லை, மடித்து ஒரு துண்டுக் காகிதத்தில் கொடுத்தால் போதும். மிளகாய் போட்ட பருப்பு வடையான காத்தோ பிமாவுக்கும் காகிதச் சுருள்தான், அச்சடித்த தாள் வேண்டாம், மை எண்ணெயில் இறங்கும். அலூடா என்னும் குளிர்ந்த பால் பானம், டீ, பாயசம் ஆகியவற்றுக்கு எவர்சில்வர் டம்ளர். இவ்வளவுதான். பந்தி வைத்த பிறகு இன்னொன்றும் நடந்தது: முன்பு சாப்பாடு வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விடும் குடும்பங்கள் இப்போது முன்பின் தெரியாதவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இலைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெருங்காற்று அடித்த பிறகு கிழியாத இலை கிடைப்பது கஷ்டம்.

டம்ளரைத் திருப்பித் தராமல் கொண்டுபோய்விட்டால்?

முன்பணம் வாங்குங்கள். முதல் அலூடா வாங்கும்போது டம்ளருக்கு 50 ரூபாய். டம்ளரைத் தந்தால் பணம் திரும்பும். நாங்கள் 600 டம்ளரில் தொடங்கினோம், இப்போது 570க்குக் கொஞ்சம் மேல் இருக்கின்றன. தொலைந்தவற்றுக்குப் பணம் வந்துவிட்டதால் நஷ்டம் இல்லை. பணம் திருப்பித் தரும் மேசை வெளிவாசலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதல் தடவை மேடைக்குப் பின்னால் வைத்தோம். யாருக்கும் தெரியவில்லை, புல்லில் போட்டுவிட்டுப் போனார்கள்.

பெரியவர்கள் சிலர் "எச்சில் டம்ளர்" என்று தயங்குவார்கள். அவர்களிடம் விவாதம் செய்யாதீர்கள். கழுவும் இடத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்தவெளியில் வையுங்கள். கண்ணால் பார்த்தால் தயக்கம் போய்விடும். வீட்டிலிருந்து சொந்த டம்ளர் கொண்டு வருபவர்களுக்கு விலையில் 5 ரூபாய் குறைக்கிறோம். இப்போது பல பாட்டிமார் பையில் டம்ளரோடு வருகிறார்கள்.

கழுவத் தண்ணீர் வீணாகாதா? எங்கள் தெருவில் ஏற்கெனவே நேரம் வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள்.

நியாயமான கேள்வி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிச்சயம் வீண். மூன்று தொட்டி வையுங்கள்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், அடுத்ததில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஒரு மாலைக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றினால் போதும். மீதமான டீயை, சோற்றுப் பருக்கையை முதலில் வாளியில் தட்டிவிட்டு முக்கினால் தண்ணீர் கலங்காது. அழுக்குத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் கொட்டவே கூடாது. அது ஆற்றுக்கும் கடலுக்கும் நேராகப் போகிற வழி. கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள்.

குடிதண்ணீருக்குப் பாட்டில் விற்காதீர்கள். நம் முன்னோர் கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், காவடி நாளில் வழியெல்லாம் இன்றும் தண்ணீரும் பழச்சாறும் கொடுக்கிறோம். அதையே மைதானத்தில் செய்யுங்கள். இரண்டு பெரிய குழாய் வைத்த பாத்திரம், மூடி, பக்கத்தில் ஒரு ஆள். பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம், டம்ளரில் குடிக்கலாம். பணம் கிடையாது.

எந்த மாதம் வைத்தால் நல்லது? நாங்கள் எப்போதும் டிசம்பரில் வைப்போம், எல்லோரும் லீவில் இருப்பார்கள்.

தேதியை மாற்றினால் மற்ற பாதிப் பிரச்சினை தானாகவே குறையும், ஆனால் அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. ஒரு எச்சரிக்கை வந்தால் விழா ரத்து. சமைக்க வாங்கிய பொருள், வாடகைப் பந்தல், எல்லாம் போச்சு. செப்டம்பரிலிருந்து மழை வரும் வரை நீர்த்தேக்கங்கள் வற்றும் நேரம், பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வக்வாவே இறங்கியிருக்கும். அப்போது பந்தியும் கழுவலும் வைத்துக்கொள்வது சரியில்லை. புரட்டாசியில் கோவிந்தன் விரதம் வேறு. தை மாதம் காவடி.

நாங்கள் ஜூலையைப் பிடித்தோம். மழை குறைவு, புயல் இல்லை, வாழையிலை கிழிந்திருக்காது. கரும்பு அறுவடை ஜூனிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் கொடுக்கின்றன, அறுவடை இல்லாத மாதங்களில் அதே உலைகளில் நிலக்கரிதான் எரியும். ஆக, ஜூலையில் எரியும் விளக்குக்குள் கொஞ்சம் நம் வயல்கூட இருக்கிறது. "ஆடி மாசமாச்சே" என்று சிலர் தயங்கினார்கள். ஆடி அம்மனுக்கு உகந்த மாதம். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஆகாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தொந்தரவு, பொழுது ஆறு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும், குளிரும். பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கி, குழந்தைகள் நிகழ்ச்சியை வெயிலில் முடித்துவிடுங்கள். விளக்குச் செலவும் மிச்சம்.

குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னால் நம்ம ஜனங்கள் கேட்பார்களா டீச்சர்? எழுதி வைத்தாலும் படிக்க மாட்டார்கள்.

எழுதி மட்டும் வைத்தால் படிக்க மாட்டார்கள், உண்மைதான். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தொட்டி, பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். எங்களுக்கு மேல்வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிறுத்துவதில்லை, அவர்களும் நிகழ்ச்சி பார்க்க வேண்டுமே. தனியாக ஒரு குப்பைத் தொட்டியைக் கூட ஓரத்தில் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கலந்துவிடும்.

நம் ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 ஜூலை 25இல் வகாஷியோ கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையில் மோதியது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியது, ஏறத்தாழ ஆயிரம் டன் கடலில் கலந்தது. அந்த வாரம் ஆயிரக்கணக்கானவர்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் அடைத்து, தைத்து, கடலில் மிதக்கும் தடுப்பு செய்தார்கள். எல்லா மொழிக்காரரும், எல்லா மதத்தவரும். யாரும் அறிவிப்புப் பலகை பார்த்து வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர் காட்டினார், செய்தார்கள். தொட்டி பக்கத்தில் ஆள் நிற்கச் சொல்வதும் அதனால்தான்.

பிரித்த இலையை என்ன செய்வது?

உரம். இலையின் நடு நரம்பைத் துண்டாக நறுக்கி, ஒரு பங்கு ஈர இலைக்கு இரண்டு பங்கு காய்ந்த சோகையோ கிழித்த அட்டையோ கலந்து, வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் மண்ணாகிவிடும். மீன் முள், எலும்பு சேர்க்காதீர்கள், நாயும் எலியும் வரும். எங்கள் பந்தி சைவம் என்பதால் இந்தக் கஷ்டம் இல்லை. உரத்தைப் பள்ளித் தோட்டத்துக்குக் கொடுக்கிறோம்.

சாப்பாடு மிஞ்சினால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்தானே?

கொடுக்கலாம், ஆனால் இரவு பத்து மணிக்கு "மிஞ்சிப்போச்சு, யாருக்காவது கொடுங்க" என்பது தானம் ஆகாது. சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பத்திரமில்லை. தேங்காய்ப்பால் சேர்ந்தவை அதற்கும் முன்பே கெட்டுவிடும். ஆகவே எதை, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே பேசிவையுங்கள். நாங்கள் ஏழரை மணிக்கே பார்த்து, பரிமாறாத, சூடாக வைத்திருந்த பாத்திரங்களை மட்டும் அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறோம்.

அதைவிட முக்கியம் அளவாகச் சமைப்பது. பந்திக்கு முன்சீட்டு கொடுத்தோம், மிச்சம் பாதியாகக் குறைந்தது.

அலங்காரம் இல்லாமல் மேடை மொட்டையாக இருக்காதா?

தென்னந்தோரணம், மாவிலை, வாழை மரம், கோலம். இதைவிட அழகான மேடையை நான் பார்த்ததில்லை. தென்னங்குருத்தை மட்டும் அளவாக வெட்டுங்கள். குருத்தை எடுத்தால் மரம் தளரும், முற்றிய ஓலையிலேயே நல்ல தோரணம் பின்னலாம். கோலத்துக்கு அரிசி மாவு, மஞ்சள், காவி. கடையில் விற்கும் பளபளப் பொடி மழை வந்தால் கால்வாய்க்குப் போகும், கையையும் அரிக்கும். பலூன் பறக்கவிடுவது வேண்டவே வேண்டாம். இந்தத் தீவில் மேலே போகும் பலூன் எங்கே இறங்கும்? கடலில்தான். ஆமைக்கு அது உணவு மாதிரித் தெரியும்.

பேனரில் வருடத்தை அச்சடிக்காதீர்கள். துணியில் விழாவின் பெயரை மட்டும் எழுதி, தேதியைத் தனித் துண்டில் தைத்துக்கொள்ளுங்கள். எங்கள் துணிப் பேனருக்கு இப்போது ஐந்து வயது.

ஜெனரேட்டர் வைக்கலாமா, லைன் கரண்ட் எடுக்கலாமா?

லைன் கிடைக்கும் இடத்தில் லைன்தான். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் எண்ணெயும் நிலக்கரியும்தான், இருந்தாலும் பாதிச் சுமையில் இரவு முழுக்க ஓடும் டீசல் ஜெனரேட்டர் அதைவிட மோசம், புகையும் சத்தமும் வேறு. பழைய மேடை விளக்கு ஒன்று 1000 வாட் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி நூறு இருநூறு வாட் போதும். விளக்கு வாடகைக்குப் பேசும்போதே கேளுங்கள்.

எல்லோரும் காரில்தானே வருகிறார்கள், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

பல நாடுகளில் விழாக்களைக் கணக்கெடுத்தபோது, மொத்தப் புகையில் பெரும்பங்கு பார்வையாளர் வந்துபோகும் பயணத்திலிருந்துதான் என்று தெரிந்தது. தட்டும் கப்பும் கண்ணுக்குத் தெரிவதால் அதையே பேசுகிறோம். இதில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்வா வழியாகக் கியூர்பிப் வரை 2022 அக்டோபரிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. 2005 முதல் முதியோருக்கும் மாணவருக்கும் பஸ் இலவசம்.

நாங்கள் செய்தது இரண்டே காரியம். அழைப்பிதழில் மைதானத்துக்கு வழி சொல்லும்போது மெட்ரோ நிறுத்தத்திலிருந்து நடக்கும் வழியை முதலில் அச்சடித்தோம், கார் நிறுத்துமிடத்தைக் கடைசியில். கடைசி மெட்ரோவுக்கு முக்கால் மணி நேரம் முன்பே நிகழ்ச்சியை முடித்துவிடுகிறோம். இது முடியாமல் போனால் மற்றது எதுவும் பயனில்லை, இரவு திரும்பிப் போக வழியில்லை என்றால் யாரும் காரை விட்டுவிட்டு வரமாட்டார்கள். தெருமுனையில் விளக்கோடு இருவரை நிறுத்துங்கள், பெண்கள் பயமில்லாமல் நடந்து போவார்கள்.

சென்னையிலிருந்து பெரிய பாடகரைக் கூப்பிட்டால்தானே கூட்டம் வரும்?

வரும். ஆனால் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, இரண்டு மணி நேரம் பாடிவிட்டு, மறுநாள் பறந்துபோவதற்கு ஆளுக்கு முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை கரியமிலவாயு ஆகும். எட்டுப் பேர் கொண்ட குழு என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மிச்சப்படுத்திய கப்பெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

யாரையும் கூப்பிடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் கலைக்கு அங்கே ஊற்று இருக்கிறது. ஆனால் எட்டுப் பேரை ஒரு இரவுக்கு அழைப்பதற்குப் பதில் ஒரு தப்பு ஆசானை மூன்று வாரம் அழைத்தோம். இருபது பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், கடைசி நாள் அவரோடு சேர்ந்து அடித்தார்கள். அவர் போய்விட்டார், அடி இங்கேயே இருக்கிறது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் 1970இலிருந்து இருக்கிறது. அங்கே பரதமும் கர்நாடக இசையும் முறையாகப் படித்தவர்கள் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேடை கொடுத்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகள்தானே, சும்மா ஆட மாட்டார்களா? எதற்குச் சம்பளம்?

வெளியிலிருந்து வந்தவருக்குப் பணம் வைத்த உறை, உள்ளூர்க்காரருக்குச் சால்வையும் கைதட்டலும். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். நான் வளர்ந்த காலத்தில் அற்புதமாக மிருதங்கம் வாசித்தவர் ஒருவர், ஒவ்வொரு விழாவிலும் இலவசமாக வாசித்து, கடைசியில் வாத்தியத்துக்குத் தோல் மாற்றக் காசில்லாமல் விட்டுவிட்டார். அவர் மகன் மிருதங்கத்தைத் தொடவே இல்லை. கலை அப்படித்தான் ஒரு தெருவிலிருந்து போகும்.

எங்களிடம் பணம் குறைவுதான். அதனால் ஒரே விதி: குழுவில் எவ்வளவு பேர் இருந்தாலும் போக்குவரத்து, சாப்பாடு, ஒரு தொகை. தொகை சின்னதாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒன்றே, முன்கூட்டியே சொல்லிவிடுவோம், அன்றிரவே கையில் கொடுத்துவிடுவோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணம் இல்லை, அவர்களுடைய ஆசிரியருக்கு உண்டு. ஒலிபெருக்கிக்காரர், சமையல் அம்மாக்கள், மறுநாள் காலை வரும் துப்புரவுத் தொழிலாளிகள் எல்லோரும் இதே கணக்கில் வருகிறார்கள். துப்புரவுக் குடும்பங்களுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. மைதானத்தை அன்றிரவே நாங்கள் பாதிக்கு மேல் கூட்டிவிடுவதால், மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தால் போதும் என்று பேசி வாங்கினோம். மேலே சொன்ன அந்த அம்மா மூன்றாம் வருடம் மகன் பாடியதைக் கேட்டார்.

தமிழ்க் கலைவிழாவில் செகா எதற்கு? நம்ம அடையாளம் போய்விடாதா?

எங்கள் தெருவில் தமிழர் மட்டுமா இருக்கிறோம்? பக்கத்து வீட்டில் செகாவுக்கு ரவான் என்ற பறை அடிக்கிறவர் நம் தப்பைப் பதினைந்து வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரை மேடைக்குக் கூப்பிட இரண்டாம் வருடம்தான் எங்களுக்குத் தோன்றியது. அடிமைப்பட்ட மக்களின் வலியில் பிறந்த செகா திப்பிக், 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். தப்பைக் காய்ச்ச எங்கள் பையன்கள் மேடைக்குப் பின்னால் தேங்காய் மட்டை எரித்துக்கொண்டிருந்தார்கள். ரவான்காரரும் ஆட்டுத்தோல் விறைக்கத் தன் வாத்தியத்தைச் சூடுகாட்ட நெருப்புத் தேடி வந்தார். ஒரே நெருப்பில் இரண்டையும் காய்ச்சினார்கள். பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது, மேடையில் சேர்ந்து அடித்தது பிறகுதான். தப்பின் அடையாளம் ஒன்றும் குறையவில்லை. அடுத்த வருடம் சத்தத்தைப் பற்றி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

அறிவிப்பையும் கிரியோலில் சொன்னால் தமிழ் எங்கே இருக்கும்?

தமிழில் மட்டும் சொன்னால் நம் பிள்ளைகளில் பலருக்கே புரியாது, இதை ஒத்துக்கொள்ள வேண்டும். முதலில் தமிழில், மெதுவாக, சின்ன வாக்கியத்தில். பிறகு கிரியோலில். புரிந்த பிள்ளை அடுத்த முறை தமிழ் வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்கும். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்ணும் எழுத்தும் இருக்கின்றன. ஒரு வருடம் அதை வைத்தே பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தினோம், பெற்றோர்களும் பர்ஸைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

சத்தத்துக்குப் போலீஸில் புகார் கொடுத்தால்?

அனுமதி வாங்கியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்பே, கையில் அழைப்பிதழோடு. எத்தனை மணிக்கு முடியும், யாருக்குப் போன் செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள். ஒலிபெருக்கிகளை வீடுகளின் பக்கம் திருப்பாதீர்கள். பெரிய இரண்டுக்குப் பதில் சின்ன நான்கைக் கூட்டத்துக்குள் பிரித்து வைத்தால் ஒலியைக் குறைத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். நோயாளி, கைக்குழந்தை உள்ள வீடு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குளிர்பானக் கம்பெனி இலவசமாகத் தருகிறேன் என்கிறது, பணமும் தருகிறது. வேண்டாம் என்பதா?

எங்களையும் திணறவைத்த கேள்வி இது. மது, சிகரெட் கம்பெனிகளின் விளம்பரமும் நிதியுதவியும் நம் நாட்டில் சட்டப்படியே கூடாது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் ஒரு கம்பெனியிடம் ஆயிரம் பாட்டில் வாங்கிக்கொண்டோம். மறுநாள் காலை முதல் வருடத்து மைதானம் திரும்பி வந்தது. அடுத்த வருடம் "பாட்டில் வேண்டாம், தண்ணீர்ப் பந்தலுக்குப் பாத்திரமும் வடிகட்டியும் வாங்கித் தாருங்கள், பெயரைப் பந்தலில் எழுதுகிறோம்" என்றோம். அந்தக் கம்பெனி வரவில்லை, தெருவிலிருந்த ஒரு வன்பொருள் கடைக்காரர் வாங்கித் தந்தார்.

எங்கள் விதி இதுதான்: தருபவர் யார் என்பதைக் குழு முழுவதும் உட்கார்ந்து பேசும். ஒரு ஆளுக்காவது மனசு உறுத்தினால் வாங்க மாட்டோம். பணம் எவ்வளவு, யாரிடமிருந்து, எதற்குச் செலவானது என்று விழாவுக்கு அடுத்த மாதம் கோயில் பலகையில் ஒட்டிவிடுவோம்.

இத்தனைக்கும் காசு எங்கே? டிக்கெட் வைக்கலாமா?

நுழைவுக்கு டிக்கெட் வைத்தால் நம் தெருவிலேயே பாதிப் பேர் சுவருக்கு வெளியே நிற்பார்கள். நாங்கள் வைக்கவில்லை. கடைக்காரர்களிடம் இடத்துக்கு வாடகை வாங்குகிறோம். வீட்டில் சமைத்து விற்கும் பெண்களுக்குப் பாதி வாடகை. செலவு கூடியதா என்றால், மாற்றிய முதல் வருடம் டம்ளருக்கும் தொட்டிக்கும் கூடியது. பிறகு கப், தட்டு, பேனர், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் இல்லாமல் போனதால் குறைந்தது. மிச்சமானது கலைஞர்கள் கைக்குப் போகிறது.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டுமா?

வேண்டாம், முடியாது. செய்யப் போனால் தொண்டர்கள் களைத்துவிடுவார்கள். எங்களுக்கு இரண்டாம் வருடம் அப்படித்தான் ஆனது, நல்ல பிள்ளைகள் நான்கு பேர் விலகினார்கள். தேதியும் பந்தியும் முதல் வருடம். டம்ளர் அடுத்த வருடம். மற்றதைப் பிறகு பார்க்கலாம். சக்கர நாற்காலி போகும் பாதை மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. இரண்டு பலகை போட்டால் முடிகிற வேலை, நாங்கள் நான்கு வருடம் தள்ளிப்போட்டோம். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்.

உங்கள் டம்ளர்களை எங்கள் விழாவுக்கு இரவல் தருவீர்களா?

தருவோம், வாடகை இல்லை. தை மாதம் காவடி வாரத்தில் மட்டும் கோயிலுக்குப் போய்விடும், மற்ற நாளில் கேளுங்கள். மரப்பெட்டி ஆறு, பெட்டிக்கு நூறு அடுக்கலாம். எண்ணி வாங்கி எண்ணித் தாருங்கள், தொலைந்ததற்கு முன்பணத்தைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். கழுவிய பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிடும், அடுத்த குழுவின் பிள்ளைகள் அரை நாள் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும்.